வெற்றிலை விட்ட வாய்

அக்கா எச்சில் துப்பினால் நான் எட்டிப் பார்ப்பேன். முறைப்பாள். அப்படியும் பார்ப்பேன். அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்று சொல்கிறேன்.

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் இருவருக்கும் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு இன்னும் பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. அதனால் அவள் அங்கேயே பெரியம்மாவோடு தங்கிவிட்டாள். நாங்கள் லயம் என்று சொல்வதை இங்கே லைன் என்றார்கள். மற்றபடி காம்பரா என்று நாங்கள் சொல்லும் அதே ஒற்றை அறை, அதே அடுப்புப் புகை, மழை வந்தால் அதே அட்டை.

அக்கா காலையில் வெற்றிலையை வாயில் அடக்கினால் சாயங்காலம் வரை வாய் சிவப்புதான். அம்மா வந்து சேரும்வரை வெற்றிலையைத் தொடுவதில்லை என்று அவள் முருகனுக்கு நேர்ந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு கெழம தாங்க மாட்ட" என்றேன்.

"பாரேன்" என்றாள்.

தாங்கிவிட்டாள். ஆனால் அதற்கப்புறம் ஒரு காலையில் குழாயடியில் அவள் வாய் கொப்பளித்தபோது சிமெண்டுத் தரையில் விழுந்தது சிவப்பாக இருந்தது.

"திருட்டுத்தனமா போட்டியா?" என்று கேட்டேன். கோபத்தில் வாயைப் பிளந்து காட்டினாள். வெற்றிலைத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. பல்லடியில் ஈறு வீங்கிக் கிடந்தது. நாக்குப் பட்டாலே கசிந்தது. எவ்வளவு காலமாக இப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. வெற்றிலை போடுகிறவள் வாய் ஏன் சிவந்திருக்கிறது என்று யார் கேட்பார்கள்?

அதிலிருந்து எனக்கு எல்லாமே சந்தேகம்தான். பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருக்கும் அக்கா திடீரென்று கூடையை இறக்கிவிட்டுப் புதர்ப் பக்கம் ஓடுவாள். திரும்பும்போது முகம் வெளுத்திருக்கும். சேலையில் கறை தெரிந்தால் "அட்ட கடிச்சிருச்சு" என்பாள். மழைக்காலத்தில் எங்கள் எல்லோர் சேலையிலும் அட்டைக் கடி ரத்தம் இருக்கும், ஆகவே நானும் நம்பியிருந்தேன். ஒரு நாள் அவள் சேலையைத் துவைக்கும்போதுதான் கவனித்தேன். சேலையின் கரைப் பக்கம் சுத்தமாக இருந்தது. கறை இருந்தது பின்பக்கம், இடுப்புக்குக் கீழே; அவ்வளவு உயரத்துக்கு எந்த அட்டையும் ஏறியிருக்க முடியாது.

கேட்டேன். இந்த முறை அக்கா மழுப்பவில்லை. வெளிக்குப் போகும்போது ரத்தமும் சளியுமாகப் போகிறதாம், மாதக்கணக்காக.

"யாருகிட்டயும் சொல்லிறாத. ரத்தபேதின்னு தெரிஞ்சா வேலய விட்டு நிப்பாட்டிருவாங்க. ஒனக்கு ஒருத்திக்காகக் காம்பரா குடுப்பாங்களா? அம்மா வந்து எங்க எறங்கும்?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தேன். எழுந்தால் எங்கே போகிறாள் என்று பார்த்தேன். அக்கா செத்துவிடுவாள் என்று பயந்தேன். அதை வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடுமோ என்றும் பயந்தேன்.

கடைசியில் பல்வலிதான் கைகொடுத்தது. அக்காவின் கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியிருந்தது. பல்வலிக்கு லீவு கேட்பதில் வெட்கமும் இல்லை, ஆபத்தும் இல்லை. மேஸ்திரி முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார். "பல்லப் பத்தி மட்டுந்தான் பேசணும்" என்று கோத்தகிரி ஆஸ்பத்திரி வாசல்வரை அக்கா என்னை மிரட்டிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறை அழுத்தினார். உதட்டை மடித்து உள்பக்கம் இருந்த புண்களைப் பார்த்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு பல்லை விட்டுவிட்டு, "ஏனுங்க, வயிறு எப்படி இருக்குதுங்க? வெளிக்குப் போறப்ப ரத்தம் போகுதுங்களா?" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கிப் போயிருக்க வேண்டும். "நான் ஒண்ணும் சொல்லலக்கா, சத்தியமா!" என்று கத்திவிட்டேன்.

"அவங்களத் திட்டாதீங்க. ஈறு இப்படி இருக்கறவங்க சிலருக்குக் குடல்லயும் புண்ணு இருக்குமுங்க. அதானுங்க கேட்டேன்."

கோயம்புத்தூருக்கு அனுப்பிக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் புண்தான். தொற்றும் பேதி இல்லை என்று தெரிந்ததால் வேலை தப்பியது. அறையும் தப்பியது. ஆனால் நோய் அடங்குமே தவிர முழுசாகப் போகாது, எப்போது வேண்டுமானாலும் மறுபடி கிளம்பும் என்றார் டாக்டரம்மா. மாத்திரையை நிறுத்தக் கூடாது, வெற்றிலை இனி கூடவே கூடாது. ஈறு கெட்டதால் குடல் கெட்டதா, குடல் கெட்டதால் ஈறு கெட்டதா என்று கேட்டேன். "தெரியலைங்களே" என்றார்.

பல வருஷம் கழித்து, என் ஈறிலேயே ரத்தம் கண்டு பதறி ஓடியபோது ஒரு பல் டாக்டரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். ஒன்று மற்றொன்றைக் கிளப்பிவிடலாம் என்று இப்போது நினைக்கிறார்களாம். விழுங்கும் எச்சிலோடு வாய்க் கிருமிகள் குடலுக்குப் போய் அங்கே தொல்லை கொடுக்கலாமாம். எது முதல் என்று மட்டும் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். என் பயத்துக்கு அந்தப் பதில் போதவில்லை.

மாத்திரையில் அக்காவின் வயிறு மெல்ல அடங்கியது, ஈறும் வற்றியது. அடுத்த மழையில் நோய் மறுபடி தலைதூக்கியபோது முதலில் காட்டிக்கொடுத்தது குழாயடிச் சிமெண்டுதான். அவள் மறைக்கப் பார்த்தாள், எச்சில் சிவந்திருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அப்போதிலிருந்து அவள் வாய் கொப்பளிக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் நிற்பேன்.

ஒருவழியாக அம்மா வந்து சேர்ந்தாள். தகரப் பெட்டியை இறக்கி வைத்தவள் முதல் காரியமாக மடியிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். மகளின் நேர்த்திக்கடன் அவளுக்குத் தெரியும். சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, அக்காவின் வாயருகே நீட்டினாள்.

"எனக்காகத்தானே விட்ட? வந்துட்டேன்ல, போடு."

அக்கா கண் கலங்கி வாயைத் திறந்தாள்.

நான் அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். வெற்றிலை தரையில் விழுந்தது. கடல் தாண்டி வந்தவளின் முகம் சுருங்கிப் போயிற்று. டாக்டர் கூடாதென்று சொன்னதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாயில் வந்தது வேறு.

"அவ வாய் செவந்துட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா" என்று அழுதேன்.

அம்மாவுக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. எழுந்து குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "வந்து பாரு, பைத்தியக்காரி" என்று கூப்பிட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. பின்னாலேயே வந்த அம்மா, எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே தானும் குனிந்து பார்த்தாள்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். மறுநாள் காலை அக்கா வாய் கொப்பளிக்கப் போனபோது, எனக்கு முன்னாலேயே அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் வாயிலும் வெற்றிலை இல்லை.