ரசம் எரியாத மதியம்

தொண்ணூறுகளில், மலேசியாவின் கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடையில் உலோகம் பிரிப்பது என் வேலை. காந்தம் ஒட்டாத துண்டில் அமிலச் சொட்டு விட்டு, மாறும் நிறத்தைப் பார்த்து ரகம் சொல்வேன். அமிலம் பட்டுப் பட்டு விரலெல்லாம் வெடிப்பு. ரசம் பட்டால் உயிர் போகும், கரண்டியால்தான் சாப்பாடு.

ஒருநாள் முதலாளி கையில் பிடிக்கிற எக்ஸ்ரே கருவி ஒன்றை வாங்கி வந்தார். துண்டின்மேல் வைத்து அழுத்தினால், என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று அதுவே காட்டும்.

"ரொம்ப வெல லா, கீழ போட்டுறாதீங்க அக்கா," என்றார். என் விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எரிச்சலாக வந்தது.

அதன்பின் அமிலத்தைத் தொடும் வேலை இல்லை. வெடிப்புகள் ஆறியபின் ஒரு மதியம், ரசத்தை ஊற்றிச் சோற்றைக் கையால் பிசைந்தேன். எரியவில்லை. அந்தக் கருவியைச் செய்தவர்கள் என் விரலை நினைத்தா செய்திருப்பார்கள்? இருந்தாலும் அவர்களுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். சாப்பிட்டு முடித்தும் கை கழுவ மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.