கறுப்புக் கோட்டும் எங்கள் வீட்டுப் போகியும்

போகி அன்று ஊரே பழசைக் கொளுத்தும். எங்கள் வீட்டில் மட்டும் பிடித்ததைக் கொளுத்த வேண்டும். கிழிந்த பாய், உடைந்த முறம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு போனால் அப்பா சீறுவார். "இன்னாடா இது? குப்பையைக் குடுக்கிறதுக்கு நெருப்பு எதுக்கு? கார்ப்பரேஷன் வண்டி தினம் வந்துக்கினுதானே கீது?"

இந்தச் சட்டத்துக்கெல்லாம் மூலகாரணம் அப்பாவின் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் பாரிமுனையில் ஓர் இங்கிலீஷ் கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணத்துக்கு மாமனார் சீமைத் துணியில் ஒரு கறுப்புக் கோட்டு தைத்துக் கொடுத்திருந்தார். இருந்ததே அந்த ஒன்றுதான்; அதைப் போட்டால்தான் ஆபீசுக்குள் விடுவார்கள். அந்நியத் துணி வேண்டாம் என்று கடற்கரையில் தீ மூட்டிய ஒரு சாயங்காலம், பலர் கிழிந்த வேட்டியையும் நைந்த துண்டையும் போட்டுக் கைதட்டல் வாங்கினார்கள். இவர் உடம்பில் இருந்த கோட்டைக் கழற்றி வீசினார். மறுநாள் தோளில் கதர்த் துண்டோடு ஆபீசுக்குப் போனவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு கடைசிவரை சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து, ஊராருக்கு மனு எழுதிப் பிழைத்தார். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் உண்டு.

அதனால்தான் மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவில், மற்ற பிள்ளைகள் போகி மேளம் அடித்துக் குதிக்கும்போது நானும் அக்காவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்போம். ஒரு வருஷம், யாராலும் அறுக்க முடியாமல் பறந்த என் காத்தாடியைக் கொடுத்தேன். ஒரே மூச்சில் போய்விட்டது. அப்பாவையும் சும்மா சொல்லக்கூடாது. உயிராய் வைத்திருந்த சீட்டுக்கட்டைப் போட்டுவிட்டு, கூட்டாளிகள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் திருதிருவென்று விழித்தார். அம்மாதான் கெட்டிக்காரி. முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் மலிவாக ஒரு துண்டு வாங்கி வந்து, "இதான் எனக்கு உசுரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போடுவாள். அப்பாவும் நம்பினார், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

இப்போது அம்மா இல்லை. எண்பதைத் தாண்டிய அப்பா, அடையாறில் அடுக்குமாடி வீட்டில் என்னோடு இருக்கிறார். போகிக்கு நெருப்பு வேண்டாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு எழும்போதெல்லாம் சண்டை போட்டு ஜெயித்தவர். வருஷம் முழுக்க அவர் காத்திருப்பதே அந்த ஒரு காலைக்குத்தான். நெருப்பு முன்னால் நின்று தாத்தா கதையைச் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் போகிக்கு முதல் நாள் கீழ் வீட்டு இளைஞர் மாடியேறி வந்தார். உருது பேசும் குடும்பம். திருவல்லிக்கேணியில் பை வியாபாரம். கைக்குழந்தையை அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள்.

"நைனா, பாப்பாவுக்கு மூச்சு இளைக்குது. புகையே ஆவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க நிறுத்த வேணாம். காலைல நீங்க கொளுத்தறதுக்கு முன்னாடி நாங்க மாமியார் வூட்டுக்குப் போய்டுறோம். சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அப்பா "ம்" என்றார். அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் விடியும் நேரத்தில் இறங்கிப் போனேன். செங்கல் அடுக்கி, வறட்டியும் விறகும் வைத்து, தீப்பெட்டியோடு அப்பா நின்றுகொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ. அந்த இளைஞரின் மனைவி குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஏறப்போனாள்.

"எங்கம்மா போற, பனியில கொயந்தையைத் தூக்கினு? உள்ள போ."

ஆட்டோவை அப்பாவே திருப்பி அனுப்பினார். தீப்பெட்டியை என் கையில் வைத்தார்.

"இன்னாப்பா, கொளுத்தலையா?"

"இந்த வருசம் நான் குடுக்கிறது இதான்டா."

தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்பாவோ ஒன்றுமே நடக்காததுபோல, பற்ற வைக்காத விறகுக்கு முன்னால் நின்று அந்தத் தம்பதிக்குத் தாத்தா கதையை ஆரம்பித்தார். கோட்டைக் கழற்றும் இடம் வந்தது. கையை வீசிக் காட்டத் தூக்கியவர், அப்படியே நின்றார். பக்கத்துத் தெருவிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"மொதல்ல போய் சன்னலைச் சாத்துங்க" என்று இருவரையும் உள்ளே விரட்டினார்.

அந்தக் கதையை அப்பா பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.