எட்டுக் கறுப்புக் கட்டங்கள்

மடிக்கணினித் திரையில் எட்டுக் கட்டங்கள். எட்டும் கறுப்பு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர் இருந்தது. முகம் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடி அறையில், மைக்கில் சத்தம் விழக் கூடாது என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய உட்கார்ந்து அந்தக் கட்டங்களை முறைத்துக்கொண்டிருந்தேன். மணி மதியம் மூன்று. எனக்குக் கோபம் வந்தால் குரலில் மரியாதை கூடிவிடும். "தயவுசெய்து எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க, மூணாவது தடவையா கேட்டுக்கறேன்" என்றேன். "ஆன்லதான் மேடம் கீது" என்றது ஒரு பெண் குரல். அதற்குப் பின்னால் பஸ் ஹாரன் அலறியது. தொழிற்சாலையில் ஒரு லைனுக்குப் பொறுப்பாக இருந்த லைன் லீடர் அக்காவின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்படித்தான்.

அப்போது நான் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சாலையோ பாலமோ எது கட்டுவதானாலும், அதற்குமுன் சுற்றுவட்டார மக்களிடம் கருத்துக் கேட்டு அறிக்கை எழுதித் தருவது எங்கள் தொழில். ஒரகடம் பக்கத்தில் மண்டபம் பிடித்து நாற்காலி போட்டால், கரைவேட்டிக்காரர்களும் வேறு வேலையில்லாதவர்களும்தான் வந்து உட்காருவார்கள். ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் தொழிற்சாலை லைனில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே கூட்டத்தை அவர்களுடைய போனுக்கே கொண்டுபோய்விடலாம் என்று இணையவழிக் குழுக்களைத் தொடங்கினோம். குழுவுக்கு எட்டுப் பேர், முக்கால் மணி நேரம், ஆளுக்கொரு போன். முகம் தெரியாதவர்களின் கருத்து அறிக்கையில் சேராது என்று ஒரு விதியும் உண்டு. வேறோர் ஊரில் ஒரு மகானுபாவர் நான்கு போன்களை வைத்துக்கொண்டு, குரலை மாற்றி மாற்றி நான்கு குடும்பத்துக்கும் அவரே பேசியிருந்தார். அதைக் கண்டுபிடித்ததும் அந்த விதியை எழுதியதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த முறை கேட்க வேண்டியது ஒரு நடைமேம்பாலத்தைப் பற்றி. வல்லம் வடகாலுக்குப் பக்கத்தில், ஆறுவழிச் சாலையின் குறுக்கே கட்டப்போகிறார்கள். வரைபடத்தில் அதை ஒரு பெரிய தொழிற்சாலையின் வாசலுக்கு எதிரே குறித்திருந்தார்கள். கடைக்காரர்கள் குழு சரி என்றது. ஊர்ப் பெரியவர்கள் குழுவும் எங்கேயாவது வந்தால் போதும் என்றது. ஷிப்ட்டுக்குப் போகிறவர்களின் குழுக்கள் இரண்டு இதற்குமுன் நடந்திருந்தன; இரண்டிலும் இதே கறுப்புக் கட்டங்கள்தான். 'ஆர்வமின்மை' என்று எழுதி அவற்றை அடித்துவிட்டிருந்தேன். இந்தப் பெண்களின் குழு கடைசி. இதையும் அடித்துவிட்டால் பாலம் வரைபடத்தில் இருந்த இடத்திலேயே வரும். அது எனக்கு வெறும் தகவலாகத்தான் தெரிந்திருந்தது.

எட்டுப் பேரும் ஒரே கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட். வீட்டுக்குப் போய்விட்டால் தண்ணீர் பிடிப்பதும் சமைப்பதுமாகப் பேச நேரமிருக்காது என்று, கம்பெனி பஸ் ஊர் ஊராகச் சுற்றி வந்து சேரும் அந்த முக்கால் மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருந்தார்கள். எட்டுப் போன்களும் ஒரே பஸ்ஸில் இருந்ததால், ஒருவர் இருமினால் எட்டு முறை கேட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே நான் விதியைப் படித்துக் காட்டினேன். முகம் தெரியாவிட்டால் உங்கள் கருத்தைச் சேர்க்க முடியாது என்றேன். சமீபத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து அறையெடுத்துத் தங்கியிருந்த ஒரு பெண் கத்தினாள். "யக்கா, கேமராவ ஆன் பண்ணி என்னத்துக்கு? ஸ்டிக்கர்லா ஒட்டியிருக்கு!"

பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் விளங்கவில்லை. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஒவ்வொரு போனின் முன்னும் பின்னும் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். உள்ளே யாரும் படம் எடுத்துவிடக் கூடாது. தினமும் உரித்து ஒட்டினால் வாசலில் வரிசை நிற்கும் என்பதால் அந்தக் கம்பெனியில் திங்கட்கிழமை ஒட்டினால் சனிக்கிழமைவரை அதே ஸ்டிக்கர். நடுவில் கிழிந்திருந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். வருடக் கணக்கில் இப்படியே பழகி, தங்கள் போனில் கேமரா என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. நெட் சரியில்லை, அதனால்தான் கறுப்பாகத் தெரிகிறது என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஸ்டிக்கரை உரிக்கச் சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டும். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"உரிச்சா இன்னா ஆவும்னு எனுக்குத் தெரியும். பரவால்ல" என்று அந்த முதல் குரல் சொன்னது. ஒரு கட்டத்தின் ஓரத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு ஜன்னல் கம்பி, நீலச் சட்டையின் காலர், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு முகம். மை கலைந்த கண்கள், காதோரம் தொப்பி அழுத்திய தடம். லைன் லீடர் அக்கா தன் போனை எடுத்துக்கொண்டு ஆடுகிற பஸ்ஸில் இருக்கை இருக்கையாக நடந்து, மற்ற ஏழு பேரையும் பெயர் சொல்லி எனக்குக் காட்டினார். "பாத்துக்க மேடம். எட்டு பேர் கீறோம். எழுதிக்க." பிறகு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து பேசினார். நான் அன்று எழுதிக்கொண்டதை இன்றும் வைத்திருக்கிறேன்.

"அந்தப் பெரிய கேட்டாண்ட பாலம் வெச்சா இன்னா பிரயோஜனம்? அங்க வர்றவங்க எல்லாம் கார்ல வர்றவங்க. அவங்க இன்னாத்துக்குப் பாலம் ஏறப்போறாங்க? நாங்க எறங்கறது எங்க ஊர் திருப்பத்தாண்ட. எம்பொண்ணு மூணாவது படிக்குது மேடம். ஸ்கூலு ரோட்டுக்கு அந்தாண்ட. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்துல அஞ்சு மணிக்கே நான் பஸ் ஏறிடுவேன். அவங்கப்பாவுக்கும் ஷிப்ட்டு. எட்டரைக்கு அது தனியாத்தான் ரோட்டக் கடக்குது. நான் லைன்ல நின்னுக்கினே மணியப் பாப்பேன். எட்டே முக்கால் ஆச்சா, சூப்ரவைசர் வந்து கூப்பிடலையா, சரி, போய்ச் சேந்துச்சுன்னு நெனச்சுக்குவேன்."

அவர் அழவில்லை. அடுத்த கேள்வி என் தாளில் தயாராக இருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை உங்கள் திருப்திக்கு எத்தனை மதிப்பெண் என்பது போன்ற ஒரு கேள்வி. அதைக் கேட்க வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை வாசலில் அக்காவை நிறுத்திவிட்டார்கள். படம் எடுத்தாயா, யாருக்கு அனுப்பினாய் என்று கேள்விமேல் கேள்வி. விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தும், ஒரு மாதம் லைன் லீடர் பொறுப்பைப் பறித்துச் சாதாரண ஆபரேட்டராக நிற்க வைத்தார்கள். நான்கு நாள் கழித்து நானே போன் செய்து கேட்டபோதுதான் இதைச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ இன்னா கண்ணு பண்ணுவ? உனுக்கு ஒரு ரூலு, எனுக்கு ஒரு ரூலு" என்று சிரித்தார். அன்றுதான் மேடம் போய்க் கண்ணு ஆனேன். நியாயமாக அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும். அவருடைய செக்யூரிட்டியும் நானும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம் என்று தோன்றியது. செக்யூரிட்டி கேமராவை மூடச் சொன்னார், நான் முகத்தைக் காட்டச் சொன்னேன். இடையில் நின்று சங்கடப்பட்டது அக்கா.

அடித்துவிட்ட இரண்டு குழுக்களிலும் இருந்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன். எங்கே பஸ் ஏறுகிறீர்கள், எங்கே இறங்குகிறீர்கள், சாலையை எந்த இடத்தில் கடக்கிறீர்கள் என்று மூன்றே கேள்விகள். ஏறக்குறைய எல்லாரும் அந்தத் திருப்பத்தைத்தான் சொன்னார்கள். 'ஆர்வமின்மை' என்று எழுதியது என் தவறு என்று அறிக்கையிலேயே எழுதினேன். என் மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. நிறுவனத்தின் பெயர் கெடும் என்றார். இரண்டு நாள் வாதாடி, அந்தப் பத்தியை எடுக்க மாட்டேன் என்று நின்றேன். இணையவழிக் குழுக்களை இப்போதும் நடத்துகிறேன். யாரிடமும் முகம் காட்டச் சொல்வதில்லை. எங்கே கடக்கிறீர்கள் என்று கேட்டால் போதும், உண்மையில் அங்கே நடக்கிறவருக்குத்தான் அந்தப் பதில் தெரியும்.

பாலம் உடனே வந்துவிடவில்லை. கோப்பு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. ஆனால் வந்தது, அந்தத் திருப்பத்திலேயே வந்தது. போன மாதம் அதில் விளக்குப் போடுவது பற்றிக் கருத்துக் கேட்க ஒரு வேலை வந்தபோது, இந்த முறை இடத்தைப் பார்க்காமல் கேள்வி எழுதக் கூடாது என்று நேரிலேயே போனேன். அக்கா எப்போதோ மறுபடி லைன் லீடராகியிருந்தார். அந்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிப்ட். காலை எட்டரைக்குப் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தார். மகள் இப்போது ஏழாவது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோழிகளோடு இரண்டிரண்டு படியாக ஏறிப்போனாள்.

"பாலந்தான் வந்துடுச்சே அக்கா, இன்னும் எதுக்குக் கூட வர்றீங்க?" என்று கேட்டேன்.

"எத்தினி நாளு லைன்ல நின்னுக்கினு இது கடக்கறத மனசுலயே பாத்திருப்பேன் கண்ணு. கண்ணால பாக்கறேன், வுடு."

மேலே பாதித் தூரம் போன மகள் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். "போம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று கத்தினாள். அவளுக்கடியில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அக்கா கையை ஆட்டினாரே தவிர நகரவில்லை. அவள் அந்தப் பக்கம் இறங்கி, பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.