அம்மா வைத்த பின்கதவு

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேய்க் கதை என்றால் உயிர். அதிலும் அலறிக்கொண்டு கழுத்தைக் கடிக்கிற பேய் ஆகாது. செத்துப்போனவள் சத்தமில்லாமல் வந்து அடுப்படியில் உட்கார வேண்டும். தன்னைக் கொன்றது யார் என்று சமையல்காரிக்குத் துப்புக் கொடுக்க வேண்டும். "உசிரோட இருக்கறவங்களுக்குத்தான் நியாயம் இல்ல. செத்தவளுக்காவது கெடைக்கட்டும்" என்பாள். தொண்ணூறுகளில், இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லய வரிசை வீட்டில், சாயங்காலத் தேநீரோடு நான் அவளுக்கு வாசித்துக் காட்டியதெல்லாம் இந்த ரகம்தான்.

ஒரு கதையில் கொலை பங்களாவில் நடந்தது. யார் எந்த அறையில் இருந்தார்கள் என்பது அம்மாவின் மனதில் நிற்கவில்லை. கொப்பித்தாளில் வீட்டை வரைந்து காட்டினேன். பிணம் கிடந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. யார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று அம்புகள். அம்மா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். எங்கள் தோட்டத் துரையின் பங்களாவைப் பல வருடமாகக் கூட்டிப் பெருக்குகிறவள் அல்லவா!

"பின்கதவு இல்லாம ஒரு பங்களாவா? குசினிக்குப் பக்கத்துல போடு. காவக்காரன் கூண்டு எங்க? அதையும் போடு."

போட்டேன். கதை எழுதியவருக்கே பங்களா தெரியவில்லை என்று இருவரும் சிரித்தோம்.

இன்னும் இருபது பக்கம் இருந்தது. புத்தகமோ பதுளையில் என்னோடு தட்டச்சு படித்தவளுடையது. மறுநாள் கொடுத்தாக வேண்டும். "பஸ்ஸுல வாசிச்சு முடிச்சுட்டு வந்து சொல்லு. டாக்டர்தான் கொன்னான், வேணும்னா பாரு" என்று அம்மா அனுப்பி வைத்தாள்.

பஸ்ஸில் நான் தூங்கிவிட்டேன். போர்க்காலம்; சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய் கைப்பையைத் திறந்து, புத்தகத்தை எடுத்து உதறினான். தாள் விழுந்தது. கதவுகள், காவல் கூண்டு, நேரங்கள், பெருக்கல் குறி. எங்கோ தாக்கப் போட்ட திட்டம் என்று நினைத்துவிட்டான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

தகரக் கொட்டகைக்குள் தமிழ் வாசிக்கத் தெரிந்த சார்ஜன் ஒருவர் இருந்தார். கதைதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. புத்தகத்தையும் தாளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு அறையாக ஒப்பிட்டார். கதையில் துப்பறிகிறவர் இப்படிச் செய்தால் நானும் அம்மாவும் நகத்தைக் கடித்துக்கொண்டு ரசிப்போம். இங்கே அவர் விரல் பின்கதவுக்கு எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இப்படி இறக்கப்பட்டவர்கள் எல்லோரும் அன்றைக்கே வீடு திரும்பியதில்லை. எனக்காகத் துப்புக் கொடுக்க எந்தப் பேயும் வரவில்லை.

"பொஸ்தகத்துல பின்கதவு இல்லையே. இது எங்க இருந்து வந்தது?"

உண்மையைச் சொன்னால் அம்மா மாட்டுவாள். துரை பங்களாவின் கதவையும் காவலையும் வேலைக்காரி வெளியே சொன்னாள் என்று ஆகும். அவளையும் கொண்டுவந்து இதே பெஞ்சில் உட்கார வைப்பார்கள்.

"நான்தான் சரியா வாசிக்காம வரைஞ்சிட்டேங்க சார்."

"காவல் கூண்டும் அப்படித்தானா?"

"ஆமாங்க."

அவர் என்னையே பார்த்தார். "சரி, கொன்னது யாரு?"

எனக்கு எங்கே தெரியும்? அம்மாதான் என் வாயில் வந்தாள். "டாக்டர்தாங்க! மருந்துப் போத்தலத் தொடச்சு வச்சது அவரு மட்டுந்தான். அவரு வந்தா மட்டும் பேயி ஏன் அடுப்ப அணைக்குது? பழியெல்லாம் வேலைக்காரங்க மேலயா?" பயத்தில் ஆரம்பித்தவள் கோபத்தில் முடித்தேன்.

சார்ஜன் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, நின்றபடியே வாசித்தார். வெளியே இரண்டு பஸ்கள் போயின. நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டாக்டர் இல்ல, செத்தவளோட தங்கச்சி" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கதையில வர்ற கொலையக்கூட கண்டுபிடிக்கத் தெரியல. நீயெல்லாம் என்னத்தச் செய்யப் போற? போ."

புத்தகத்தைத் தந்தார். தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பினேன்.

"டாக்டர்தானே?" அம்மா வாசலிலேயே கேட்டாள்.

"இல்லம்மா. தங்கச்சி."

"ச்சே! நான் நெனச்சது தப்பாப் போச்சே!"

அந்தத் தப்புதான் என்னை வீடு சேர்த்தது என்று எப்படிச் சொல்வேன்? அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"அடி கூறுகெட்டவளே, கதைக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?" என்று முதுகைத் தடவினாள். "அடுத்த கதைக்கு வீட்டப் பெருசா வரைஞ்சு குடு. நான் கண்டுபுடிச்சுக் காட்டுறேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ பேய்க் கதைகள் அவளுக்கு வாசித்தேன். வீடு மட்டும் வரையவே இல்லை.