கண்ணாடியைப் பூட்டிச் சோறு தின்னும் சார்மெயின்

சின்ன உப்போடைப் பகுதியில் கார்களின் உள்பக்கத்தைத் துப்புரவு செய்யும் சார்மெயின், வேலை முடிந்தது என்று வாயால் சொல்வதில்லை. காரின் நான்கு கண்ணாடிகளையும் பூட்டி, ஏசியைப் போட்டு, பின் சீற்றில் சம்மணம் கொட்டியிருந்து மத்தியானச் சோற்றைத் தின்பாள். தட்டு வெறுமையானால் கார் சுத்தம். ஒரு கவளம் மிஞ்சினாலும் சாவி கைமாறாது. பதினொரு வருடமாக இதுதான் சட்டம். வானத்திலிருந்து தேர் வந்து இறங்கினாலும் இதுவேதான்.

முதலில் அவள் சீற்றுக்கு உறைதான் தைத்தாள். பழைய உறைகளைக் கழற்றக் கழற்ற, உள்ளே பஞ்சு குடித்து வைத்திருந்ததெல்லாம் மூக்குக்குப் பழகிவிட்டது. மூத்திரம் பெய்தது நாயா பூனையா, எத்தனை நாளானது என்றெல்லாம் சொல்வாள். பூனையின் நிறத்தையும் சொல்வாளாம். நான் கேட்டபோது அவள் மறுக்கவில்லை.

போன மாசியில் ஒரு புதன்கிழமை, குருக்கள்மடத்துச் சாமித்தம்பி தன் காரைக் கொண்டுவந்தார். கல்லடிப் பாலத்தில் அது ஏறியபோதே காகங்கள் விலகிப் பறந்தன. மறித்த பொலிஸ்காரர், கண்ணாடி இறங்கியதும் லைசன்சைக் கூடக் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார்.

அறுபது வயது வரை உழவு மெசின் ஓட்டியவர் வாங்கிய முதல் கார். மனைவி அன்னப்பூரணியின் பூனை, திறந்து கிடந்த கண்ணாடி வழியே புகுந்து, பின் சீற்றில் ஒரு கிழமை குடித்தனம் நடத்தியிருந்தது. அந்தக் கிழமைதான் மகள் பிரஷாந்திக்கு ஆசுபத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது.

“வெள்ளிக்கிழம காலையில துண்டு வெட்டி அனுப்புறாங்க புள்ள. என்ர பேரன என்ர கார்லதான் ஊட்டுக்குக் கொண்டு போகோணும். மகள் மாட்டாளாம். இந்த மணத்துக்குள்ள பச்சப்புள்ளய ஏத்த ஏலாது, ஓட்டோல வாறன் எண்டுறாள்.”

சார்மெயின் கதவைத் திறந்து மூக்கை மட்டும் உள்ளே நீட்டினாள்.

“என்னத்தப் போட்டுக் கழுவின நீங்க?”

“நல்ல கொதிதண்ணி ஊத்தினன்.”

“பூனைக்கு உதவி செஞ்சிரிக்கீங்க. சூடு பட்டா அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும். பொறகு?”

“மஞ்சத்தண்ணி தெளிச்சம்.”

“தெரியிது. சீற்று மாப்பிள்ள மாதிரி இரிக்கு. பொறகு?”

“பொறகு ஒண்டுமில்ல,” என்று சாமித்தம்பி வானத்தைப் பார்த்தார்.

சார்மெயின் சீற்றைக் கழற்றி, உறையை உரித்து, வினாகிரி கலந்த பச்சைத் தண்ணீரால் பஞ்சை ஒற்றி ஒற்றி எடுத்தாள். அலசினாள். மூத்திரத்தையே தின்று தீர்க்கும் நொதித் திரவத்தை ஊற்றி, காய்ந்துவிடாமல் பொலித்தீனால் மூடிவைத்தாள். மறுநாள் விடிந்ததும் வாவிக் காற்றில் காயவைத்து, கம்பளத்துக்கு அப்பச்சோடா தூவி வெக்கியூமால் இழுத்தாள்.

வியாழன் மத்தியானம் சோறும் மீன் சொதியுமாகக் காருக்குள் ஏறினாள். வெளியே சாமித்தம்பி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணன், அவ திண்டு முடியிற வரைக்கும் மூச்சு விட்டிராதீங்க,” என்றார் சார்மெயினின் கணவர் ஒஸ்வல்ட்.

முதல் கவளம் இறங்கியது. ஏசி குளிர்ந்தது. இரண்டாவது கவளம் பாதி வழியில் நின்றது. சார்மெயின் கதவைத் திறந்து இறங்கினாள்.

“சாம்பிராணி பிடிச்சீங்களா?”

சாமித்தம்பி தலையைச் சொறிந்தார். “கொஞ்சமா.”

“ஏசியப் போட்டுக்கொண்டா?”

“எல்லா மூலைக்கும் போகட்டுமே எண்டு.”

“போயிரிக்கு. ஒரு மூலையும் மிச்சமில்ல.”

முன் சீற்றுக்கு எதிரே இருந்த சாமான் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த ஏசி வடிகட்டியை இழுத்தெடுத்தாள். பூனையின் நாற்றத்தையும் சாம்பிராணிப் புகையையும் ஒன்றாகக் குடித்து, தூபக்காலின் அடியைப் போலக் கறுத்திருந்தது.

“புதுசு போட்டாத்தான் சாவி.”

“விடிஞ்சாத் துண்டு வெட்டிருவாங்க புள்ள.”

“அப்ப இஞ்ச நிக்காம ஒஸ்வல்டுட மோட்டசைக்கிள எடுத்துக்கொண்டு கடை கடையாப் பாருங்க.”

டவுனில் கிடைக்காமல், செங்கலடி வரை போய் வடிகட்டியோடு அவர் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அதற்குள் காற்று வரும் துவாரங்களையெல்லாம் சார்மெயின் துடைத்து முடித்திருந்தாள். புதியதைப் பூட்டினாள். ஆனால் சாவியைத் தரவில்லை. சோறு தின்னவில்லையே.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே உலை வைத்துச் சோறாக்கினாள். இடியப்பம் போதாதா என்று ஒஸ்வல்ட் கேட்டபோது சொதியை அடுப்பில் ஏற்றினாள். கண்ணாடிகளைப் பூட்டினாள், ஏசியைப் போட்டாள், தின்றாள். தட்டைத் துடைத்து வழித்த பிறகு கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, “இன்னும் கொஞ்சம் சொதி,” என்றாள். பதினொரு வருடத்தில் எந்தக் காரும் அந்த மரியாதையைப் பெற்றதில்லை.

ஆசுபத்திரி வாசலில் பிரஷாந்தி தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்தாள். பிறகு பிள்ளையோடு ஏறி உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குச் சார்மெயினின் போன் அடித்தது.

“புள்ள, ஆரையம்பதில நிக்கிறன். பேரன் சீற்றுல பெஞ்சிட்டான்.” குழந்தை காரைத் தன் பெயருக்கு எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டது போலப் பூரித்திருந்தது அவர் குரல்.

“கொண்டு வாங்க. எடுத்துத் தாறன்.”

“சீ, வேணாம். அது கிடக்கட்டும்.”

“கிடக்கட்டும்,” என்றாள் சார்மெயின். “ஆனா புள்ளைக்குச் சாம்பிராணி பிடிக்கிறதெண்டா காருக்கு வெளியில வெச்சுப் பிடிங்க.”