பொட்டு வைத்த கத்தி

தங்கப்பொண்ணு வாழைத்தோப்பில் இலை அறுக்கிறவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் பிழைப்பு. அவளுடைய வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். போன மாசம் இலையை இழுத்து அறுக்கும்போது, மடக்குக் கத்தி படக்கென்று மடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். காயம் ஆறிவிட்டது, விரல்தான் இன்னும் முழுசாக மடங்க மாட்டேன் என்கிறது. இன்னொரு விரலும் போனால் அந்தக் கை எதைப் பிடிக்கும்? சோறு பிசையக்கூட ஆகாதே.

அரிவாளைக் கொண்டுபோனால் என்ன என்பீர்கள். லோடு ஆட்டோவில் பொம்பளைகள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு போகும்போது அரிவாளை எங்கே வைப்பது? ஓட்டுகிற சங்கிலி ஏற்றவே மாட்டான். மடக்கி இடுப்பில் செருகுகிற கத்திதான் தோது. மகள் பவதாரிணி போனில் படம் காட்டி, ஆர்டர் போடட்டுமா என்றாள்.

"படத்த அமுக்கிப் பாக்க முடியுமாடி?" என்று கேட்டுவிட்டு, விடிந்ததும் காளவாசல் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. பாத்திரமும் கத்தியும் விற்கிற சாய்பிரசாத் அப்போதுதான் கடை திறந்து, சாமி படத்துக்குப் பத்தி காட்டி முடித்திருந்தான். முதல் ஆளே வந்துவிட்டாளே என்று சிரித்தான். கலர் கலரான கத்தி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"இதப் பாருங்கக்கா. தொட்டாலே தொறக்கும்."

"தொட்டா மூடவும் செய்யும்ல?"

கத்தியை முழுக்க விரித்து, அலகு மடங்கும் வழியில் விரல் படாமல் பிடியைப் பக்கவாட்டில் பிடித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அமுக்கினாள். சட்டென்று மூடிக்கொண்டது. அடுத்த கத்தியில் அலகு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடியது. கண்ணாடிக்குள் தொங்கியதை அவன் காட்டினான். "அந்த வெல எனக்கு எட்டாது தம்பி" என்று சொல்லிவிட்டுக் கீழ் வரிசையில் தேடினாள்.

அங்கே கிடந்தது ஒன்று. மரப்பிடி, தடித்த இரும்பு. வெள்ளிக்கிழமைப் பூசைக்காக அதற்கு மட்டும் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்திருந்தான். விரித்தாள். அலகு ஆடவில்லை, பிடி கைக்குள் அம்சமாக உட்கார்ந்தது. ஆனால் விரித்த அலகை மடங்கவிடாமல் பிடிக்கிற லாக் விழுகிற சத்தம் வரவில்லை. அமுக்கினாள். மூடியது. விரல் ஓரமாகத்தான் இருந்தது, ஆனாலும் பழைய தையல் சுள்ளென்றது.

உற்றுப் பார்த்தாள். லாக் போய் விழ வேண்டிய பள்ளத்தில் சந்தனம் வழிந்து காய்ந்து கிடந்தது.

"தம்பி, இந்தச் சந்தனத்தச் சுரண்டி எடு."

"பொட்ட அழிக்கிறதா? இன்னும் போணியே ஆகலக்கா! வாங்கிட்டுப் போயி வீட்ல கழுவிக்கங்க."

"கழுவுன பொறவும் லாக் விழலைன்னா?"

"வித்த கத்தியத் திருப்பி வாங்குனா என் யாவாரம் உருப்படுமா?"

"அப்ப என் வெரலு உருப்பட வேணாமா?"

அவன் கத்தியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது. சங்கிலிதான்.

"எங்கக்கா இருக்க? எல்லாரும் ஏறியாச்சு. இன்னைக்கு முகூர்த்த எலை. வரலைன்னா விட்டுட்டுப் போயிருவேன்."

"வாரேன்டா, உசுர வாங்காத!"

போய்விடலாம்தான். கத்தி இல்லாமல் தோப்பில் இறங்கினால் இரவல் கத்திதான், அது எப்போது மடங்கும் என்று யாருக்குத் தெரியும்? அவள் நகரவில்லை. கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்த டீ வடிகட்டி என்ன வெல?"

அவன் திகைத்துப்போய் விலையைச் சொன்னான். பேரம் பேசாமல் கொடுத்தாள். பழக்கம் விடுமா, பணத்தைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டான்.

"போணி ஆச்சா?"

"ஆச்சு."

"இப்பச் சுரண்டலாம்ல?"

"பொல்லாத ஆளுக்கா நீங்க" என்றான். ஆனாலும் சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்ட பிறகுதான், கத்தியை அவள் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தான். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, பள்ளத்தைத் தோண்டித் தோண்டி எடுத்தாள். அவன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டான்.

விரித்தாள். டக்.

அமுக்கினாள். மூடவில்லை. எக்கி நின்று உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்தாள். மேசைதான் கிறீச்சிட்டது.

"மேசைய ஒடச்சிராதீங்கக்கா!"

"வெலையக் கொறச்சுச் சொல்லு, விட்டுர்றேன்."

மறுபடியும் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று, அவன் குறைக்கிற வரை நின்றுதான் வாங்கினாள். ஓடிப்போய்க் கடைசி ஆளாக ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள்.

தோப்பில் முதல் இலையைப் பிடித்ததும் கை தயங்கியது. பக்கத்து வரிசையிலிருந்து ராமக்காள் கத்தினாள்: "என்னடி, எலைய அறுக்கப் போறியா, கும்பிடப் போறியா?"

தங்கப்பொண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். இலை சரிந்தது, கத்தி மடங்கவில்லை. அதை ராமக்காள்தான் வந்து எடுத்தாள். தங்கப்பொண்ணு தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.