நான் இரண்டாம் முறை தட்ட மறுத்த மெஷின்

அன்று ஈப்போ ஆபீஸில் இருந்தவர்கள் நான்கு பேர். கம்பெனியை ஆரம்பித்த தினேஷ். நாங்கள் செய்யும் பணம் கட்டும் மெஷினின் உருவத்தையும் ஸ்கிரீனையும் வரைந்த ஷாமினி. பத்து காஜா ஊரிலிருந்து மெஷினை வாங்க வந்த முனியாண்டி அண்ணன். ஒன்பது தொழிற்சாலைகளில் கேண்டீன் நடத்துபவர். நான்காவது ஆள் நான், சரசு. பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். மெஷின்களைத் துடைத்துப் பெட்டியில் கட்டுவது என் வேலை. ஐந்தாவதாக இருந்திருக்க வேண்டிய இன்டர்நெட் பாதியில் எழுந்து போய்விட்டது என்று ஷாமினி இன்றும் சொல்வாள்.

மெஷின் கேண்டீன் மேசையில் இருக்கும். சாப்பிட்டவர் போனைக் காட்டி அதில் விரலால் தட்டினால் கடைக்காரருக்குப் பணம் போகும். அதுவரை பொய்ப் பணத்தில்தான் டெஸ்ட் செய்திருந்தோம். அன்று நிஜப் பணத்தில் காட்ட வேண்டும் என்றார் தினேஷ்.

"அக்கா, ஒரு தட்டு மீ, ஒரு கோப்பி வாங்குற மாதிரி உங்க போன்ல கட்டிக் காட்டுங்க."

என் போனில் இருந்ததே முப்பது வெள்ளிதான். சம்பளத்துக்கு இன்னும் ஆறு நாள். கட்டினேன். போனில் பணம் குறைந்தது. மெஷினில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போல் முதல் ஸ்கிரீனுக்குத் திரும்பியது.

"எனக்கு ஒன்னும் வரலையே தங்கச்சி. மறுபடி தட்டு" என்றார் கடைக்காரர் இடத்தில் நின்ற முனியாண்டி அண்ணன்.

"தட்டுங்கக்கா, ஒன்னும் ஆகாது லா" என்றார் தினேஷ்.

மேசையில் ஒப்பந்தத் தாள். முனியாண்டி அண்ணன் கையில் திறந்த பேனா. அவர் வாங்காவிட்டால் ஆட்களைக் குறைக்க வேண்டிவரும் என்று தினேஷ் முன்பே சொல்லியிருந்தார். முதலில் போவது பெட்டி கட்டுகிறவள்தான். அது தெரிந்தும் என் விரல் நகரவில்லை.

"தட்ட மாட்டேன் பாஸ். மொதல்ல கட்டுனது எங்க இருக்குன்னு சொல்லுங்க."

தினேஷ் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

முனியாண்டி அண்ணன் சிரித்துவிட்டார். "நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்கே தினேஷு. எங்க கேண்டீன்ல அரை மணி நேரந்தான் ரெஸ்ட். இப்படி ஒருத்தர் நின்னா பின்னால அம்பது பேரு நிக்கும். கஷ்டம், சூசா லா." பேனாவை மூடினார். "மெஷின் இவங்களுக்குப் பதில் சொல்லட்டும். அன்னைக்கு வாரேன்."

மறுநாள் காலையில் ஸ்டோர் சாவியைத் தினேஷ் மேசையில் வைத்தேன்.

"என்னக்கா இது?"

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும் பாஸ்."

"இருந்திருந்தா அண்ணே கையெழுத்து போட்டிருப்பாரு. அப்புறம் ஒம்பது கேண்டீன்லயும் என்னைத் திட்டியிருப்பாங்க." சாவியை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

ஷாமினி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. அந்த வட்டம் சுத்துனப்போ என்னென்ன பயம் வந்துச்சு? ஒன்னு விடாம சொல்லுங்க."

சொன்னேன். பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள். பணம் போய்விட்டதோ. இரண்டு தரம் பணம் பிடிப்பார்களோ. பின்னால் நிற்பவன் ஏசுவானோ. பதினோராவது பயத்தைச் சொன்னதும் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"கடைக்காரர் உங்களை ஏமாத்துக்காரின்னு நெனைப்பாரோன்னா?"

"அதுதாம்மா பெரிய பயம்."

அதிலிருந்து வந்ததுதான் எங்கள் மெஷினின் மஞ்சள் ஸ்கிரீன். கட்டுகிறவருக்கும் கடைக்காரருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்: 'பணம் வழியில் நிற்கிறது. மறுபடி கட்ட வேண்டாம்.' முனியாண்டி அண்ணன் திரும்ப வந்து, தன் கையாலேயே நெட் வயரைப் பிடுங்கிப் பார்த்தார். மஞ்சள் வந்தது. பேனாவைத் திறந்தார்.

இப்போது பேராக் மாநிலத்தில் பாரிட் புந்தாரிலிருந்து காம்பார் வரை எங்கள் மெஷின் இருக்கிறது. தினேஷ் மேடைகளில் பேசப் போகிறார். மேடை என்றாலே ஓடும் ஷாமினி என் ஸ்டோரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். புது மெஷின் எது வந்தாலும் முதலில் என்னிடம் கொண்டுவந்து, "அக்கா, கொஞ்சம் பயப்படுங்க" என்பாள்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பயம் வந்தால் வாங்குகிறவர் எதிரில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கு இன்றும் இருக்கிறது.

அன்று போன என் பணம் திரும்பவே இல்லை. அது போய்ச் சேரத் திறந்திருந்த டெஸ்ட் கணக்கையும் மூடிவிட்டார்கள். தினேஷ் பலமுறை பையிலிருந்து எடுத்து நீட்டினார். மெஷின் எடுத்ததை மெஷினே கொடுக்கட்டும் என்று நான் வாங்கவில்லை. ஆறு வெள்ளி இருபது காசு, இன்னும் பாக்கி.